வழிகாட்டி நாயுடன் வருபவரை வரவேற்பது எப்படி? விமான நிலையத்தில் விதி உண்டு, வெளியே?

பெங்களூரு: செல்லப்பிராணிகளுடன் வருவோரை வரவேற்கும் உணவகங்களுக்குப் பெங்களூருவில் பஞ்சமில்லை. எனினும், பார்வையற்ற ஒருவர் தமது வழிகாட்டி நாயுடன் வாடகைக் காரில் ஏறவோ, ஓட்டலில் அறை எடுக்கவோ முற்பட்டால் என்ன நடக்கும் என்பது, அந்த நேரத்தில் எதிரே நிற்கும் ஊழியரைப் பொறுத்தே அமைகிறது. அவருக்கு யாரும் எதுவும் கற்றுத் தரவில்லை என்றால், 'நாய்க்கு அனுமதி இல்லை' என்பதே அவர் அறிந்த ஒரே பதில்.

இதற்குத் தெளிவான விதி உள்ள துறை, விமானப் போக்குவரத்து. சிவில் விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகம் (டிஜிசிஏ) 2008-ம் ஆண்டு வெளியிட்டு, 2014-ல் திருத்திய விதிமுறைகள் வழிகாட்டி நாய்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. டிக்கெட் முன்பதிவின்போதோ, செக்-இன் நேரத்திலோ தகவல் தெரிவித்தால், மாற்றுத்திறனாளியையும் அவரது வழிகாட்டி நாயையும் ஏற்றிச் செல்ல விமான நிறுவனம் மறுக்க முடியாது. நாய், சரக்குப் பகுதியில் அல்லாமல் பயணிகளுடனேயே இருக்கலாம். செல்லப்பிராணிகளை ஏற்காத நிறுவனத்துக்கும் இது பொருந்தும்.

அதே விதிமுறைகளில் அதிகம் பேசப்படாத மற்றொரு பகுதி உண்டு. விமானப் பணியாளர்கள் முதல் கவுன்ட்டர் ஊழியர்கள் வரை, பயணிகளைக் கையாளும் அனைவருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவுவது குறித்துப் பணியின் தொடக்கத்திலேயே பயிற்சி அளிக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். பயிற்சி காலாவதியானவரை இப்பணியில் அமர்த்தக் கூடாது.

விதி மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு ஜீஜா கோஷ் வழக்கு சான்று. பெருமூளை வாதத்தால் பாதிக்கப்பட்ட இந்த மாற்றுத்திறனாளிகள் உரிமை ஆர்வலர், 2012 பிப்ரவரியில் கொல்கத்தாவிலிருந்து கோவா செல்லவிருந்த ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் அமர்ந்த பிறகு கீழே இறக்கப்பட்டார். அப்போது 2008-ம் ஆண்டு விதிமுறைகள் நடைமுறையில் இருந்தன. அவருக்கு ரூ.10 லட்சம் இழப்பீடு வழங்குமாறு 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இது நாய் தொடர்பான வழக்கு அல்ல. ஆனால், விதியை அறியாத ஊழியரின் ஒரு நொடி முடிவு என்ன செய்யும் என்பதை இது காட்டியது.

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தால் நிலைமை மாறுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-ல் 'நாய்' என்ற சொல்லே இல்லை. பாகுபாட்டைத் தடை செய்து, 'நியாயமான ஏற்பாடுகள்' செய்து தரப்பட வேண்டும் என்கிறது அச்சட்டம். சட்டத்தை மீறினால் முதல்முறை ரூ.10 ஆயிரம் வரையும், மீண்டும் மீறினால் ரூ.50 ஆயிரம் முதல் ரூ.5 லட்சம் வரையும் அபராதம் உண்டு. வழிகாட்டி நாயை அனுமதிப்பது நியாயமான ஏற்பாடு என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால், மழையில் காருக்கு வெளியே நிற்பவர் ஓட்டுநரிடம் சட்டப் பிரிவை விளக்கிக் கொண்டிருக்க முடியாது.

பயிற்சியில் என்ன இருக்க வேண்டும்?

முதலில் சொல்லைத் திருத்த வேண்டும். 'செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை' என்ற பலகை வழிகாட்டி நாய்க்குப் பொருந்தாது. பார்வையற்றவரின் கையில் உள்ள வெள்ளைக் கோலைப் போன்றது அது. எனவே அதைத் தடவுவது, அழைப்பது, பிஸ்கட் போடுவது எல்லாமே அதன் வேலைக்கு இடையூறு. சேணத்தைப் பிடித்து இழுப்பது, பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுப்பதற்குச் சமம். நாயிடம் அல்ல, அதனுடன் வந்தவரிடம் பேச வேண்டும். நாய் பெரும்பாலும் இடப்பக்கம் நடக்கும் என்பதால், உதவ வரும் ஊழியர் வலப்பக்கம் நிற்பது நல்லது. உணவகத்தில் மேசைக்கு அடியில் நாய் படுக்க இடமுள்ள இருக்கையைக் காட்டினால் போதும்.

'உங்களைப் பார்த்தால் குறை எதுவும் தெரியவில்லையே' என்ற கேள்வியும் தவிர்க்கப்பட வேண்டியது. செவித்திறன் குறைந்தோருக்கும், வலிப்பு நோய் உள்ளோருக்கும் உதவப் பழக்கப்பட்ட நாய்களும் உண்டு.

பொய் சொல்லி வளர்ப்பு நாயை அழைத்து வந்தால்? ஊழியர்களின் இந்தச் சந்தேகம் நியாயமானதே. அமெரிக்கச் சட்டம் இரண்டு கேள்விகளை மட்டும் அனுமதிக்கிறது: இந்த நாய் உடற்குறை காரணமாகத் தேவைப்படுகிறதா? என்ன பணிக்குப் பழக்கப்பட்டுள்ளது? சான்றிதழ் கேட்கவோ, செய்து காட்டச் சொல்லவோ கூடாது. அதே நேரம், நாய் கட்டுக்கடங்காமல் போனாலோ, இடத்தை அசுத்தப்படுத்தினாலோ அதை வெளியேற்றலாம். உடன் வந்தவருக்குச் சேவை மறுக்கக் கூடாது. சக வாடிக்கையாளரின் பயமோ ஒவ்வாமையோ அனுமதி மறுக்கக் காரணமாகாது. இருவரையும் தள்ளி அமர வைப்பதே வழி.

செயலி வழி டாக்சிகள் நிறைந்த பெங்களூருவுக்கு நெருக்கமான வழக்கு ஒன்றும் அங்கே நடந்தது. சான் பிரான்சிஸ்கோ பகுதியைச் சேர்ந்த பார்வையற்ற பெண் ஒருவரை, வழிகாட்டி நாயுடன் வந்ததற்காக 14 முறை ஊபர் ஓட்டுநர்கள் ஏற்ற மறுத்தனர் அல்லது அவமதித்தனர். ஓட்டுநர்கள் தனி ஒப்பந்ததாரர்கள் என்பதால் தாங்கள் பொறுப்பல்ல என்று நிறுவனம் வாதிட்டது. நடுவர் அதை ஏற்கவில்லை. வழக்குச் செலவு உட்பட சுமார் 11 லட்சம் டாலர் வழங்க 2021-ல் உத்தரவிடப்பட்டது.

இந்தியாவில் வழிகாட்டி நாயுடன் நடமாடுவோர் மிகச் சிலரே. அதனால் பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். பார்த்தே இராத ஒன்றை எதிர்கொள்ளும்போதுதான் ஊழியர் தடுமாறுகிறார். மேலும், பெங்களூருவின் காவலர்களும் ஓட்டுநர்களும் தினமும் பார்ப்பது தெருநாய்களைத்தான். 2023-ல் மாநகராட்சி நடத்திய கணக்கெடுப்பின்படி அவை சுமார் 2.79 லட்சம். வெறிநாய்க்கடி அச்சம் உள்ள ஊரில் நாயைக் கண்டதும் கம்பை எடுப்பது இயல்பே. வேலையில் இருக்கும் வழிகாட்டி நாய்க்கும் தெருநாய்களே பெரிய தொந்தரவு என்பதை அந்தக் காவலருக்குச் சொல்லித் தர வேண்டும். கம்பைத் தெருநாய்ப் பக்கம் காட்டி, வாசலை வந்தவருக்குத் திறந்துவிட அவரால் முடியும். பாடம் கன்னடம், தமிழ், இந்தியில் இருக்க வேண்டும். காவலர்கள் ஒப்பந்த நிறுவனங்கள் வழியே வந்து அடிக்கடி மாறுவதால், அது ஒருமுறை நடத்தி முடிக்கும் வகுப்பாகவும் இருக்க முடியாது.