540 ரூபாயும் ஒரு சமுத்திரமும்

பி.காம். முடித்த கையோடு மயிலாப்பூரில் ஓர் ஆடிட்டரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். 'வேலை' என்பது மரியாதைக்குச் சொல்வது. ஃபைல் தூக்குவது, டீ சொல்வது, கூட்டல் போடுவது. இதில் மூன்றாவது மட்டும் எனக்குச் சரியாக வராது.

ஒரு நாள் ஜவுளிக்கடைக் கணக்கு ஒன்று வந்தது. கடை முதலாளி கம்ப்யூட்டரை நம்பாத ஜாதி. எல்லாமே கையெழுத்துப் பேரேடு. இருப்பாய்வு போட்டால், பற்றுக்கும் வரவுக்கும் 540 ரூபாய் உதைத்தது. மணி இரவு ஒன்பது. பசி வேறு.

"சார், 540 ரூபாதானே... அனாமத்துக் கணக்குல போட்டுடலாமா?" என்றேன்.

மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"தம்பி, அது ஒம்பதால வகுபடுதா பாரு."

வகுபட்டது. ஈவு 60.

"அப்போ எவனோ இலக்கத்தை இடம் மாத்தி எழுதியிருக்கான். தேடு. 540 ரூபா பெரிசில்லே. ஆனா தப்பு எங்கேன்னு தெரியாத வரைக்கும் இந்தப் புஸ்தகத்துல எந்தப் பக்கத்தையும் நம்ப முடியாது."

பதினொன்றரை மணிக்கு அகப்பட்டது. 170 என்று எழுத வேண்டிய இடத்தில் 710. எழுதிய புண்ணியவான்... வேண்டாம், அது நான்தான்.

கடலைப் பற்றி எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, ஜவுளிக்கடைக் கதை எதற்கு என்கிறீர்களா? இதே கதை 2006-ல் உலகத்துக் கடல்கள் அத்தனைக்கும் நடந்தது. அங்கே உதைத்தது ரூபாய் இல்லை, பூமியின் உஷ்ணம்.

* * *

முதலில் மெரினாவுக்குப் போய்விட்டு வருவோம். ஒரு மே மாத மத்தியானம், பெண்ணின் பிடிவாதத்துக்காக அங்கே போய் மாட்டிக்கொண்டோம். மணலில் கால் வைக்க முடியவில்லை. குதித்துக் குதித்து அலைக்குள் ஓடினால், தண்ணீர் ஜில்லென்று இருந்தது.

"அப்பா, மணல் இப்படிச் சுடுதே, தண்ணி மட்டும் ஏன் சுடலே?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் சகதர்மிணி முந்திக்கொண்டாள். "தண்ணி உங்கப்பா மூளை மாதிரிடி. எவ்வளவு போட்டாலும் லேசுல சூடேறாது."

வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: அதில் விஞ்ஞானம் இருக்கிறது. ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஆகும் வெப்பத்தைப்போல நாலு மடங்கு வேண்டும், ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க. நம் தலைக்கு மேலே இருக்கும் வாயுமண்டலம் மொத்தமும் பிடித்து வைக்கக்கூடிய வெப்பத்தை, கடலின் மேல் மூன்று மீட்டர் தண்ணீரே பிடித்துவிடும். கடலின் சராசரி ஆழமோ 3,700 மீட்டருக்கு அருகில்!

நாம் எரிக்கும் கரியும் பெட்ரோலும் விடுகிற கரியமில வாயு, பூமியை விட்டு வெளியேற வேண்டிய வெப்பத்தைத் தடுக்கிறது. இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும். அந்த அதிகப்படி வெப்பம் எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். "காத்துலதான் சார்... வெளியே நிக்க முடியுதா?" என்பார்கள். தப்பு. கடந்த அரை நூற்றாண்டில் சேர்ந்த வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடலுக்குள் போயிருக்கிறது. மீதியைத் தரையும் பனிக்கட்டியும் காற்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. காற்றுக்குக் கிடைப்பது ஒன்றோ இரண்டோ சதவிகிதம்தான்.

என் பாஷையில் சொன்னால், காற்று என்பது கல்லாப்பெட்டி. கடல் என்பது பிக்ஸட் டெபாசிட். கல்லாவில் இன்றைக்கு இருப்பது நாளைக்குக் குறையும், மறுநாள் கூடும். அதை மட்டும் பார்த்து ஒரு முதலாளியின் சொத்தை மதிப்பிட முடியுமா?

அப்படி மதிப்பிட்டார்கள்! 1997-98-ல் பசிபிக் கடலில் பெரிய எல் நினோ. கடலில் இருந்த வெப்பம் கணிசமாக வெளியே வர, 1998-ல் காற்றின் சூடு எகிறியது. அதற்கப்புறம் சில வருஷங்கள் ஏற்றம் மந்தமாகத் தெரிந்ததும், "பூமி சூடாவது நின்னு போச்சு" என்று ஒரு கூட்டம் கிளம்பியது. கல்லாவை எண்ணிவிட்டு டெபாசிட் ரசீதைப் பார்க்க மறந்த கதை.

* * *

ஆனால் அந்த ரசீதைப் பார்ப்பது லேசான காரியம் இல்லை. 1872-ல் 'சேலஞ்சர்' என்ற பிரிட்டிஷ் கப்பல் கிளம்பி, 1876 வரை கடல் கடலாகச் சுற்றியது. தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி ஆழத்துக்கு இறக்கி, மேலே இழுத்து, நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்கள். அந்தக் குறிப்புகளை இந்தக் காலத்து அளவுகளோடு 2012-ல் ஒப்பிட்டபோது, மேல் 700 மீட்டர் தண்ணீர் சராசரியாக 0.33 டிகிரி சூடேறியிருப்பது தெரிந்தது.

"பூ, இவ்வளவுதானா!" என்று சொல்லிவிடாதீர்கள். 700 மீட்டர் கனத்துத் தண்ணீர் அது. ஒரு டம்ளர் வெந்நீர் போடவே எங்கள் வீட்டில் கேஸ் தீர்ந்துவிடுகிறது.

இன்றைக்கு அந்த வேலையைச் செய்வது 'ஆர்கோ' மிதவைகள். சுமார் ஓர் ஆள் உயரக் குழாய். மனுஷன் யாரும் கிடையாது. 1,000 மீட்டர் ஆழத்தில் போக்கில் மிதந்துகொண்டே இருக்கும். பத்து நாளைக்கு ஒரு தரம் 2,000 மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து மேலே வரும் வழியெல்லாம் சூட்டையும் உப்பையும் அளக்கும். மேலே வந்ததும் சாட்டிலைட்டுக்குக் கணக்கு ஒப்பித்துவிட்டு மறுபடி முங்கிவிடும். எண்ணெயை வெளிப் பைக்குத் தள்ளினால் மிதக்கும், உள்ளே இழுத்துக்கொண்டால் மூழ்கும். அவ்வளவுதான் சூட்சுமம். உலகம் முழுக்க சுமார் 4,000 மிதவைகள். நம் வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் விட்டுக் கண்காணிப்பது ஹைதராபாத்தில் இருக்கும் 'இன்காய்ஸ்' நிறுவனம்.

* * *

இனி 2006-க்கு வருவோம். அந்த வருஷம் அமெரிக்க விஞ்ஞானிகள் மூன்று பேர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2003-லிருந்து 2005 வரை கடலின் மேல்பகுதி குளிர்ந்திருக்கிறது என்றது கட்டுரை. சூடாகவில்லை, குளிர்ந்திருக்கிறது! சந்தேகப் பிராணிகளுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி.

மூவரில் ஒருவர் ஜாஷ் வில்லிஸ். நாஸாவின் ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரிக்காரர். கட்டுரை வெளிவந்த பிறகு அவருக்குக் கணக்கு உதைத்தது. கடல் மட்டத்தை 1992-லிருந்து சாட்டிலைட் அளந்துகொண்டிருக்கிறது. அது ஏறிக்கொண்டே இருந்தது. குளிர்ந்த தண்ணீர் சுருங்கத்தானே வேண்டும்? சரி, பனி உருகிக் கூடுதல் தண்ணீர் வந்திருக்கும் என்றால், அதை எடை போடும் சாட்டிலைட்டுகள் அந்த அளவுக்குத் தண்ணீர் வரவில்லை என்றன. பூமிக்குள் வரும் வெப்பம், வெளியே போவதைவிட அதிகம் என்றது இன்னொரு சாட்டிலைட். ஒரு பேரேடு மட்டும் எதிர்ப்பாட்டுப் பாடியது.

வில்லிஸ் அனாமத்தில் போடவில்லை. மிதவை மிதவையாகத் தேடினார். அகப்பட்டது! அட்லாண்டிக்கில் விடப்பட்ட ஒரு பகுதி மிதவைகளில், சூட்டு அளவுகள் தப்பான ஆழத்துக்கு நேரே பதிவாகியிருந்தன. ஆழத்துக் குளிர், மேலே இருப்பதாகக் கணக்கில் ஏறிவிட்டது. இலக்கம் இடம் மாறி உட்கார்ந்த அதே கதை! போதாததற்கு, அதற்கு முன்னால் கப்பலிலிருந்து வீசி அளந்த பழைய கருவிகள், உண்மையைவிடக் கொஞ்சம் அதிகச் சூட்டைக் காட்டியிருந்தன. முன்னே கூடுதல், பின்னே குறைச்சல்... நடுவிலே ஒரு 'குளிர்ச்சி' பிறந்துவிட்டது.

2007-ல் தங்கள் தப்பைத் தாங்களே அச்சில் திருத்தினார்கள். குளிர்ச்சி மறைந்தது. தங்கள் கட்டுரை தப்பு என்று ஊரறியச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? ஜவுளிக்கடைப் பேரேட்டில் அந்த 710 என் கையெழுத்துதான் என்று ஆடிட்டரிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

* * *

"சரிப்பா, கடல் சூட்டை அளந்து எனக்கென்ன ஆகப்போகுது?" என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி.

1993-லிருந்து இதுவரை உலகக் கடல் மட்டம் சராசரியாகச் சுமார் 10 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. அதில் ஒரு பங்கு, சூடான தண்ணீர் விரிந்ததால் மட்டுமே வந்தது. காசிமேட்டிலோ நாகப்பட்டினத்திலோ அலை வாசலுக்கு வரும் வீட்டுக்காரருக்கு இது புள்ளிவிவரம் இல்லை.

புயலும் அப்படித்தான். அது தின்பது கடலின் வெப்பத்தை. வெதுவெதுப்பான தண்ணீர் மேலாக மட்டும் இருந்தால், புயல் கலக்கும் கலக்கில் கீழிருந்து குளிர்ந்த நீர் வந்து அதன் பசியை அடக்கிவிடும். வெதுவெதுப்பு ஆழம் வரை இருந்தால், கலக்கக் கலக்கத் தீனிதான். எவ்வளவு ஆழம் வரை என்பதை மேலேயிருந்து பார்க்கும் சாட்டிலைட்டால் நேராக அளக்க முடியாது. முங்கி எழுகிற மிதவை சொல்லும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது, எங்கள் வீட்டில் முழங்கால் தண்ணீர். கட்டில் மேல் உட்கார்ந்திருந்த என் பெண் கேட்டாள், "அப்பா, கடல்லேருந்துதானே வருது?" மழைத் தண்ணீர்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. அந்த மழைக்கான ஈரத்தையும் வெப்பத்தையும் கடல்தான் கொடுத்தது. நாம் போட்ட டெபாசிட்டை நம் வாசலில் கொண்டுவந்து தருகிறது, வட்டியோடு.

இந்த மிதவைகளின் பாட்டரி நாலைந்து வருஷத்தில் தீர்ந்துவிடும். வருஷா வருஷம் புதிதாக விட்டுக்கொண்டே இருந்தால்தான் கணக்கு அறுபடாது. பட்ஜெட்டில் கை வைக்கத் தோதான செலவு இது. கடலுக்குள் முங்கிக் கிடக்கிற குழாய்க்கு ஓட்டு இல்லை பாருங்கள்.

ஒரு வருஷம் கணக்கு எழுதாமல் விட்டால் ஆடிட்டர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "நஷ்டத்தைக்கூட மன்னிச்சுடலாம் தம்பி. எவ்வளவு நஷ்டம்னே தெரியாம கடை நடத்தறவனைத்தான் காப்பாத்த முடியாது."

ஜவுளிக்கடைக்காரர் கடையை மூடிவிட்டு வேறு தொழிலுக்குப் போகலாம். நமக்கு இருப்பது இந்த ஒரே கடை.