ஒரே நுழைவு முறை: உழவர் நிறுவனங்கள் அறிய வேண்டியவை

கிராமப் பொருளாதாரத்தில் ஒழுங்கான கணக்கு முறைக்கு உள்ள இடத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. விளைச்சல் எவ்வளவு நன்றாயிருப்பினும், வரவு செலவு சரிவர எழுதப்படாத நிறுவனம் நீடித்து நிற்பது அரிது. முற்காலத்தில் ரொக்கப் புத்தகமும் பேரேடும் பூட்டிய பெட்டியில் இருந்தன. பெட்டியின் சாவி பொறுப்பானவரின் இடுப்பில் இருந்தது. இன்று உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பலவற்றின் கணக்குகள் கணினியில் எழுதப்படுகின்றன. பெட்டி மாறியதைப் போலவே சாவியும் மாறிவிட்டது. அப்புதிய சாவியின் தன்மையை நிர்வாகிகளும் உறுப்பினர்களும் அறிந்துகொள்வது அவசியமாகும்.

பல சாவிகளால் நேரும் தொல்லை

உறுப்பினர்களிடமிருந்து மக்காச்சோளம் கொள்முதல் செய்து, அவர்களுக்கு விதையும் உரமும் விற்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கணக்குகளுக்கு ஒரு மென்பொருள் உண்டு. கிடங்கு இருப்புக்கு ஒன்று, விற்பனைப் பட்டியலுக்கு ஒன்று, ஊழியர் சம்பளத்திற்கு ஒன்று, வாங்குவோர் விவரங்களுக்கு ஒன்று என வேறு நான்கும் இருக்கக்கூடும். ஒவ்வொன்றுக்கும் 'பாஸ்வேர்டு' எனப்படும் கடவுச்சொல் தனித்தனியே தேவை.

ஐந்து கடவுச்சொற்களை நினைவில் வைத்துக்கொள்வது எளிதன்று. ஆகவே அவற்றைத் தாளில் எழுதி மேசையருகே ஒட்டி வைப்பதும், ஐந்துக்கும் ஒரே சொல்லை வைப்பதும் வழக்கமாகிவிடுகின்றன. கணக்கர் வேலையை விட்டுச் செல்லும்போது நான்கு கதவுகளை அடைத்துவிட்டு ஐந்தாவதை மறந்துவிடுவதும் உண்டு. அந்த ஐந்தாவது கதவின் வழியே எவரேனும் புகுந்து, ஓர் உறுப்பினரின் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றி வைத்தால், அவர் விற்ற சோளத்தின் விலை வேறொருவர் கைக்குப் போய்ச் சேரும்.

ஒரே நுழைவு என்பது யாது?

இத்தொல்லையைக் குறைக்க ஏற்பட்டதே ஒரே நுழைவு முறை. கணக்கு மென்பொருளில் நமக்குள்ள பதிவைக் கொண்டே மற்ற மென்பொருள்களிலும் நுழைவது இதன் சாரம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் கணக்கு மென்பொருளை உபயோகிப்பவர், அதே பதிவைக் கொண்டு அந்நிறுவனத்தின் இருப்பு, சம்பளம் முதலிய மென்பொருள்களையும் திறக்கலாம். நியூஸிலாந்தில் 2006-ஆம் ஆண்டு தோன்றிய 'ஸீரோ' என்னும் கணக்கு மென்பொருளின் பதிவோ, பிற நிறுவனங்கள் ஆக்கிய தொழில் மென்பொருள்களையும் திறக்கப் பயன்படுகிறது. இவற்றுக்கு அடிப்படையாக உள்ள பொது விதிமுறைகளில் 'ஓ ஆத் 2.0' என்பது 2012-லும், 'ஓப்பன் ஐடி கனெக்ட்' என்பது 2014-லும் வெளியாயின.

இது நடைபெறும் விதத்தைத் தாசில்தார் வழங்கும் சான்றிதழைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். இருப்பிடச் சான்றிதழுடன் செல்பவரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தார் ஊரில் வந்து விசாரிப்பதில்லை. தாசில்தாரின் முத்திரையை நம்பி ஏற்றுக்கொள்கின்றனர். அவ்வாறே, விற்பனை மென்பொருளில் "கணக்குப் பதிவின் மூலம் நுழைக" என்ற பொத்தானை அழுத்தினால், திரை கணக்கு மென்பொருளின் சொந்தப் பக்கத்திற்கு மாறுகிறது. கடவுச்சொல்லை அங்கேதான் கொடுக்கிறோம். கணக்கு மென்பொருள் நம்மைச் சரிபார்த்து, முத்திரையிட்ட ஒரு சீட்டை விற்பனை மென்பொருளுக்கு அனுப்புகிறது. வழங்கியவர் யார், யாரைப் பற்றியது, எந்த மென்பொருளுக்கு உரியது, எந்த நேரத்தோடு காலாவதியாகும் என்ற விவரங்கள் அச்சீட்டில் இருக்கும். விற்பனை மென்பொருள் முத்திரையைச் சோதித்து நம்மை உள்ளே விடுகிறது. நமது கடவுச்சொல் அதன் கைக்குப் போவதேயில்லை. இதுவே இம்முறையின் பெரும் நன்மை.

நுழைவு வேறு, அனுமதி வேறு

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். "இவர் இன்னார்" என்று கூறும் சீட்டு ஒன்று. "இந்த மென்பொருள் நமது கணக்குகளைப் பார்க்கலாம், எழுதலாம்" என்று கூறும் அனுமதிச் சீட்டு மற்றொன்று. முதன்முறை இணைக்கும்போது திரையில் ஓர் அனுமதிப் பட்டியல் தோன்றும். அதைப் படிக்காமல் "சம்மதம்" என்பதை அழுத்திவிடுவோர் பலர். பட்டியலைப் பார்த்தால் போதுமான மென்பொருளுக்குக் கணக்கைத் திருத்தும் உரிமையையும் கொடுத்துவிடுவது, பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவதற்கு ஒப்பாகும்.

அனுமதிச் சீட்டின் ஆயுள் குறுகியது. ஸீரோவில் 30 நிமிடம்; ஸோஹோவில் ஒரு மணி நேரம். ஆயின் அதனைப் புதுப்பித்துக்கொள்ள உதவும் சீட்டு ஒன்றும் உடன் வழங்கப்படுகிறது. ஸோஹோவில் அது நாமாக ரத்துச் செய்யும் வரை செல்லும். எனவே, மென்பொருளை உபயோகிப்பதை நிறுத்தியதனால் மட்டும் அதற்கு அளித்த அனுமதி நின்றுவிட்டதாகக் கருதுதல் கூடாது.

சாவி தவறினால்

ஒரு சாவி ஐந்து கதவுகளைத் திறக்குமாயின், அச்சாவியைக் களவாடியவனுக்கும் ஐந்து கதவுகள் திறக்கும். அன்றியும், சாவி வழங்கும் நிறுவனமே சேவையை நிறுத்தினால் எல்லாக் கதவுகளும் அடைபடும். இன்ட்யூட் நிறுவனம் தனது குவிக்புக்ஸ் என்னும் கணக்கு மென்பொருளின் சேவையை 31-1-2023 உடன் இந்தியாவில் நிறுத்திவிட்டது. இத்தகைய நிலையில், கணக்குகளின் நகலைத் தம்மிடம் வைத்திருப்போரும், மாற்று வழி ஏற்படுத்தியிருப்போரும் தடுமாற மாட்டார்கள்.

கைக்கொள்ள வேண்டிய விதிகள்

1. கணக்குப் பதிவு நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியிலும், நிறுவனத்தின் கைப்பேசி எண்ணிலும் இருக்க வேண்டும். ஊழியரின் சொந்த முகவரியில் தொடங்கினால், அவர் சாவியுடன் சென்றுவிட நேரும்.

2. ஒவ்வொருவருக்கும் தனிப் பதிவு வேண்டும். கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியுடன் பதிவாக வேண்டுமென்றும், அப்பதிவை நிறுத்திவைக்க இயலாதிருக்க வேண்டுமென்றும் 1-4-2023 முதல் விதி அமுலில் உள்ளது. உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளுக்கும் இது பொருந்தும். மூவர் ஒரே பதிவில் நுழைந்தால், தவறு செய்தவர் யாரென்று அப்பதிவு காட்டாது.

3. கடவுச்சொல்லுடன், கைப்பேசிக்கு வரும் எண் போன்ற இரண்டாவது சோதனையும் இருத்தல் வேண்டும். அந்த எண்ணைத் தொலைபேசியில் கேட்பவர் எவராயினும் சொல்லலாகாது.

4. கடவுச்சொல் கொடுக்குமுன் திரையின் மேலுள்ள முகவரியைப் படிக்க வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும் போலிப் பக்கங்கள் உண்டு.

5. அவரவர் வேலைக்கு வேண்டிய உரிமையை மட்டும் கொடுக்க வேண்டும். கிடங்குக் காப்பாளருக்கு இருப்பு விவரம் போதும். சம்பளப் பட்டியல் தேவையில்லை.

6. முழு உரிமையுள்ள பதிவு இரண்டு நிர்வாகிகளிடம் தனித்தனியே இருக்கட்டும். ஒருவர் நோயுற்றாலும் வேலை நிற்காது.

7. ஊழியர் விலகும் நாளிலேயே அவரது பதிவை நீக்குக. அவர் இணைத்துச் சென்ற மென்பொருள்களின் பட்டியலைத் தனியே பார்த்து, தேவையற்ற அனுமதிகளை ரத்துச் செய்க.

8. மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கணக்குகளின் நகலை எடுத்து வேறிடத்தில் பத்திரப்படுத்துக.

ஊராட்சிகளுக்கும் இது புதிதன்று

ஊராட்சிகளின் திட்டத்தையும் கணக்கையும் ஒருங்கே காட்டும் 'இ-கிராம் ஸ்வராஜ்' 24-4-2020 அன்று தொடங்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து அதே தேதியில் அது அரசின் மின்சந்தையுடன் இணைக்கப்பட்டது. அரசுச் சேவைகள் பலவற்றில் ஒரே பதிவால் நுழைய உதவும் 'மேரி பெஹசான்' 2022 ஜூலையில் தொடங்கிற்று. ஆகவே மேற்கூறிய எச்சரிக்கைகள் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உரியனவே.

இ-கிராம் ஸ்வராஜில் பணம் வழங்கும்போது ஒருவர் தயாரிக்க, மற்றொருவர் சரிபார்த்து, இருவரும் மின்கையொப்பம் இடுகின்றனர். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் கூட்டாகக் கையெழுத்திட வேண்டும் என்று விதித்ததன் கருத்தும் இதுவே: பொதுப்பணம் ஒரு கையால் மட்டும் வெளியே போகலாகாது. இருவரின் மின்கையொப்பச் சாதனங்களையும் கணினி இயக்குபவரின் மேசை அறையிலேயே விட்டு வைத்தால், சட்டம் விதித்த இரண்டு கைகள் ஒரு கையாகிவிடுகின்றன.

உறுப்பினர்கள் தங்கள் நிறுவனத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேட்பார்களாக. நமது கணக்குப் பதிவு யார் பெயரில் இருக்கிறது? அதனுடன் எந்த மென்பொருள்கள் இணைக்கப்பட்டுள்ளன? சென்ற ஆண்டில் விலகியவர்களின் பதிவுகள் நீக்கப்பட்டனவா? கணினி அறிவு இல்லாதவரும் இக்கேள்விகளைக் கேட்கலாம். இவற்றுக்குத் தெளிவான பதில் கூறும் நிறுவனத்தில் உறுப்பினரின் உழைப்பின் பயன் பத்திரமாயிருக்கும். பதில் தெரியாத நிறுவனம் அன்றைய தினமே பட்டியல் எடுக்கத் தொடங்குதல் நலம்.