நந்தனாரைத் தடுத்தது யார்?

நந்தனாரை அந்தணப் பண்ணையார் தடுத்தார் எனச் சேக்கிழார் பாடியதாகப் பலர் விடைத்தாளில் எழுதுகிறீர்கள். கொஞ்சம் நில்லுங்க! 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் அப்படியொருவர் இல்லவே இல்லை. அங்கே திருநாளைப்போவார் தம் பிறப்பை எண்ணித் தாமே தயங்குகிறார்.

பண்ணையாரைப் படைத்தவர், 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் (மறைவு 1896). அவரே அந்தணர், மணம் செய்யாமல் இசையோடு வாழ்ந்தவர். அவர் சிறப்புப்பாயிரம் கேட்டபோது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாட்டில் இலக்கணப் பிழை கண்டு உடனே தரவில்லை. பாரதியார் பலமுறை நடந்தார். ஒருநாள் அவர் உருகிப் பாடியதைக் கேட்டபின்தான் பிள்ளை மனம் இளகினார். இதை உ.வே.சா. எழுதியிருக்கிறார்.

பிழையிருந்தும் அந்தப் பாட்டு ஏன் நிலைத்தது? சேக்கிழாரிடம் தடை மனத்துக்குள் இருந்தது. பாரதியார் அதற்கு மனித முகம் கொடுத்தார். புக்கிட் பெலண்டோக் வட்டாரத் தோட்டங்களில் பாட்டி தாத்தாவைக் கேட்டுப் பாருங்க. கோயில் திருவிழாவுக்குப் போகவும் தண்டலிடம் லீவு கேட்டு நின்றவர்களுக்கு, நந்தனின் கெஞ்சல் விளக்கமில்லாமலே புரியும்.

தேர்வில் மறக்காதீங்க: தயக்கம் சேக்கிழாருடையது, பண்ணையார் பாரதியாருடையவர். இரண்டையும் பிரித்து எழுதுங்கள். ஏன் மாற்றினார் என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரியில்தான் உங்கள் சிந்தனை தெரியும்.