சினைப்பைக் கோளாறு: எடையும் வலியும்

மும்பையில் 15 முதல் 24 வயது வரையுள்ள பெண்களிடையே, அந்நகரின் தேசிய இனப்பெருக்கச் சுகாதார ஆராய்ச்சி நிறுவனத்தினர் நடத்திய ஆய்வொன்று 2014இல் வெளியாயிற்று. பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பைக் கோளாறு, பரவலாகக் கையாளப்படும் ராட்டர்டாம் அளவுகோலின்படி 22.5 சதவீதத்தினருக்கும், அதனினும் கண்டிப்பான வேறோர் அளவுகோலின்படி 10.7 சதவீதத்தினருக்கும் இருப்பது தெரியவந்தது. எவ்வளவுகோலைக் கொண்டாலும் பத்தில் ஒருவருக்குக் குறைவில்லை.

1935இல் சிகாகோ மருத்துவர்கள் ஸ்டைன், லெவென்தால் இருவரும் விவரித்த இக்கோளாற்றை மக்கள் ‘நீர்க்கட்டி’ என்கின்றனர். உண்மையில் இவை கட்டிகளல்ல. முழு வளர்ச்சியுறாது நின்றுவிட்ட முட்டைப்பைகளே. ஆகவே, அறுவை சிகிச்சை செய்து அகற்ற வேண்டுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

இப்பெண்கள் பலரிடம் இன்சுலின் சரிவரச் செயற்படுவதில்லை. அதை ஈடுசெய்ய உடல் மிகுதியாக இன்சுலினைச் சுரக்கிறது. அம்மிகுதி, சினைப்பையில் ஆண்தன்மை ஹார்மோன்களைப் பெருக்குகிறது. மாதவிலக்கு தவறுகிறது, முகத்தில் ரோமம் வளர்கிறது, உடல் பருக்கிறது. பருமன் மீண்டும் இன்சுலின் குறையை வளர்க்கிறது. இச்சுழலை உடைக்கப் பெருமுயற்சி தேவையில்லை. 70 கிலோ எடையுள்ளவர் மூன்றரைக் கிலோ குறைத்தாலே மாதவிலக்கு சீர்ப்பட வாய்ப்புண்டு. பட்டினி வேண்டாம்; சோற்றின் அளவைக் குறைத்துப் பருப்பையும் காய்கறியையும் கூட்டினால் போதும். தாராவியின் குறுகிய சந்துகளில் உலவ இடமில்லை. ஆயினும் வேலைக்குச் செல்லும் வழியில் ஒரு பகுதியை நாள்தோறும் அரைமணி விரைந்து நடந்து கடக்கலாம். ஒல்லியானவர்களுக்கும் இக்கோளாறு வரும் என்பதையும் மறத்தலாகாது.

வலியைப் பொறுத்தமட்டில் எச்சரிக்கை தேவை. கடும் வலி இக்கோளாற்றின் இயல்பான அறிகுறியன்று. பல மாதம் தள்ளிப்போய் மிகுதியாக இரத்தம் போகும்போது வலி தோன்றலாம்; வெந்நீர் ஒத்தடம் இதம் தரும். ஆனால் மாதந்தோறும் தாங்கொணா வலி எனில் வேறு காரணம் உண்டா என ஆராய வேண்டும். திடீர் வலியும் வாந்தியும் சேர்ந்தால் தாமதமின்றி மருத்துவமனையை அடைய வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் மாதவிலக்கு வாராதிருப்பதும் புறக்கணிக்கத் தக்கதன்று. கருப்பையின் உட்படலம் தடித்து, பிற்காலத்தில் புற்றுநோய்க்கு இடந்தரலாம்.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சயான் மாநகராட்சி மருத்துவமனை தொலைவிலில்லை. தடையாயிருப்பது திருமணம் தடைப்படுமோ என்னும் அச்சமே. சிகிச்சை பெற்றுத் தாய்மை எய்துவோர் மிகப் பலர். மறைப்பதால் கிடைப்பது தாமதம்; அத்தாமதத்தின் விலை பிற்காலத்தில் நீரிழிவாக வந்து சேரக்கூடும்.