மீந்த இறைச்சியில் ஒரு புதிய சுவை

ஸ்பெயின் நாட்டு மக்கள் வீடுகளிலும் உணவகங்களிலும் விரும்பி உண்ணும் சிற்றுண்டிகளுள் ஒன்று குரோக்கெட்டா. இதன் மேற்புறம் மொறுமொறுப்பாகவும் உட்புறம் குழைவாகவும் இருக்கும். மொறுமொறுவெனக் கடித்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இப்பெயர் தோன்றியது.

ஸ்பானியர்கள் கொண்டைக்கடலை, இறைச்சி, காய்கறிகள் ஆகியவற்றை ஒரே பானையில் இட்டு, 'கொசீடோ' என்னும் உணவைச் சமைப்பர். அதில் மீந்த இறைச்சியை மறுநாள் குரோக்கெட்டாவாக மாற்றுவது வழக்கம். 1939ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, 1952 வரை அங்கு உணவுப் பங்கீடு நடைமுறையில் இருந்தது. பற்றாக்குறை நிலவிய அக்காலத்தில், எதையும் வீணாக்காமல் சமைப்பது பல குடும்பங்களுக்குக் கட்டாயமாயிற்று.

குரோக்கெட்டாவை எவ்வாறு செய்வது? முதலில் 60 கிராம் வெண்ணெயை உருக்கி, 70 கிராம் கோதுமை மாவைச் சேர்த்து, மிதமான தீயில் இரண்டு நிமிடம் வதக்க வேண்டும். வெண்ணெய் மாவுத் துகள்களைச் சூழ்ந்துகொள்வதால் மாவு கட்டி தட்டாது. பிறகு, 500 மில்லிலிட்டர் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளற வேண்டும். சூட்டில் மாவுச்சத்து நீரை உறிஞ்சி உப்புவதால் கலவை கெட்டியாகும். அது சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரும்போது, பொடியாக நறுக்கிய 150 கிராம் வெந்த கோழியிறைச்சியையும் தேவையான உப்பையும் சேர்த்து இறக்கலாம். இறைச்சி உண்ணாதோர் அதற்குப் பதிலாக வதக்கிய காளானைச் சேர்க்கலாம்.

அடுத்து வேண்டியது பொறுமை. சூடான கலவையை உருட்ட இயலாது. அதைத் தட்டில் பரப்பி, ஓர் இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் நன்கு இறுகும். பின்னர், விரல் அளவு நீள உருண்டைகளாக உருட்டி, அடித்த முட்டையில் தோய்த்து, ரொட்டித்தூளில் புரட்ட வேண்டும். எந்த இடமும் விடுபடக்கூடாது. விடுபட்ட இடத்தின் வழியே உள்ளிருக்கும் கலவை எண்ணெயில் கசிந்துவிடும்.

எண்ணெயின் வெப்பம் ஏறத்தாழ 180 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். வெப்பம் குறைந்தால் மேற்புறம் விரைவில் இறுகாது. எண்ணெயும் உள்ளே புகும். ஒரே நேரத்தில் பல உருண்டைகளை இட்டாலும் எண்ணெய் ஆறிவிடும். ஆகவே, ஒரு முறைக்கு நான்கைந்தாகப் பொரித்து, பொன்னிறமானதும் எடுக்க வேண்டும். சூடான எண்ணெய் ஆபத்தானது என்பதால் பெரியவர்களின் துணையோடு செய்வது நல்லது.

இந்த முறையில், மீந்த சிறிதளவு இறைச்சி குடும்பத்தினர் அனைவரும் பகிர்ந்துண்ணும் சிற்றுண்டியாகிறது. மீந்த உணவைக் குப்பையில் கொட்டுவதற்கு முன், அதை வேறொன்றாகச் சமைக்க முடியுமா என்று நாமும் எண்ணிப் பார்க்கலாம்.