வயிற்றில் குழந்தை எடை குறைவா? டாப்ளர் ஸ்கேனை தள்ளிப் போடாதீங்க!

சென்னை,

"குழந்தை வளர்ச்சி கம்மியா இருக்கு, டாப்ளர் பார்த்துட்டு வாங்க" என்று டாக்டர் சீட்டு எழுதினால், பல வீடுகளில் கிளம்பும் முதல் பேச்சு, "போன மாசம்தானே ஸ்கேன் எடுத்தோம், மறுபடியும் எதுக்கு?" என்பதுதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சாதாரண ஸ்கேன் குழந்தையின் வளர்ச்சியை அளக்கிறது. டாப்ளர், ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிறது.

ரெயில் ஹாரன் கணக்கு

மாம்பலம் ஸ்டேஷனில் நிற்காமல் போகும் ரெயிலின் ஹாரன், நம்மை நோக்கி வரும்போது கீச்சென்று கேட்கும். தாண்டிப் போனதும் சத்தம் தடித்துவிடும். இந்த மாற்றத்தின் கணக்கை 1842-ல் சொன்னவர் ஆஸ்திரிய விஞ்ஞானி டாப்ளர். அதே கணக்கில்தான், ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலி அலையை வைத்து ஓட்டத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். ஊசி கிடையாது, எக்ஸ்ரே கதிரும் கிடையாது.

எது ஆபத்து?

குழந்தையின் இதயம் தொப்புள்கொடி வழியாக நஞ்சுக்கு ரத்தம் அனுப்பும். நஞ்சு நன்றாக இருந்தால் இரண்டு துடிப்புக்கு நடுவிலும் ரத்தம் முன்னோக்கி ஓடும். தாய்க்கு பிரஷர் போன்ற காரணங்களால் நஞ்சு பழுதானால் ஓட்டம் குறையும். முற்றினால் துடிப்புக்கு நடுவில் நின்றுபோகும். அதற்கும் மேலே போனால் பின்னோக்கித் திரும்பும். அதுதான் அபாய கட்டம்.

சத்து குறையும்போது குழந்தை தன் மூளைக்கு அதிக ரத்தத்தைத் திருப்பிவிடும். அதனால் மூளை ரத்தக்குழாயையும் பார்ப்பார்கள்.

நாள் குறிப்பது இதை வைத்துத்தான்

சின்னக் குழந்தை எல்லாம் நோயாளிக் குழந்தை இல்லை. ஓட்டம் சரியாக இருந்தால் பெரும்பாலும் 2 வாரத்துக்கு ஒருமுறை பார்த்தபடி காத்திருப்பார்கள். ஓட்டம் நின்றிருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து அடிக்கடி பார்ப்பார்கள். சீக்கிரம் எடுத்தால் நுரையீரல் முதிர்ந்திருக்காது. தாமதித்தால் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிடலாம். முன்கூட்டியே எடுக்க வேண்டி வந்தால், நுரையீரல் பலப்பட தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள்.

"நல்லா சாப்பிட்டா சரியாயிடும்" என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. சாப்பாடு அவசியம்தான், ஆனால் பழுதான நஞ்சை அது சரி செய்யாது.

எங்கே போவது?

மயிலாப்பூர் மெடிஸ்கேன், கருவில் உள்ள குழந்தைகளுக்கான ஸ்கேனில் பெயர் பெற்ற தனியார் மையம். கையில் காசு இல்லை என்றால் திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி, எழும்பூர் தாய்சேய் நல அரசு ஆஸ்பத்திரிகளில் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். ஆணா, பெண்ணா என்று மட்டும் எங்கும் கேட்காதீங்க. சொல்வது சட்டப்படி குற்றம்.

குழந்தையின் அசைவு குறைந்தால் அடுத்த ஸ்கேன் தேதி வரை காத்திருக்க வேண்டாம். ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. 108 ஆம்புலன்சுக்கு கட்டணம் கிடையாது.