போ என்றாலும் போகாத காவல்காரன்!

*லேப்டாப்பில் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும் ஆன்ட்டி வைரஸை முறையாக அனுப்பி வைப்பது எப்படி?*

கம்ப்யூட்டர் என்றால் ஆபீஸ் சமாசாரம் என்றிருந்த காலம் போய்விட்டது. 2011 செப்டம்பர் 15ஆம் தேதி தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தர ஆரம்பித்தது. திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் நடுவே இருக்கும் எங்கள் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது அப்படித்தான். அப்புறம் கொரோனா வந்தது, ஆன்லைன் வகுப்பும் வந்தது. இன்று பிள்ளைகளின் படிப்பு, கரண்ட் பில், பேங்க் கணக்கு எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான்.

இத்தனை இருக்கும் வீட்டுக்குக் காவல் வேண்டாமா? வேண்டும்தான். அதற்காகத்தான் ஆன்ட்டி வைரஸ். வாங்கும்போதே சில லேப்டாப்புகளில் "முப்பது நாள் இலவசம்" என்று ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கும். முப்பது நாள் முடிந்ததா... ஆரம்பித்துவிடும் தொல்லை! "பணம் கட்டு, ஆபத்து, ஆபத்து" என்று மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். மூடினால் மறுபடி வரும். லேப்டாப் ஆமை மாதிரி நகரும். எங்கள் வீட்டிலும் பெண்ணின் பரீட்சை நேரத்தில் இதே கதைதான்.

சரி, வேண்டாம் என்று எடுத்துவிடலாம் என்றால் லேசில் போகிறதா? அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது சகோதரிகளே!

ஏன் இந்தப் பிடிவாதம்?

கம்ப்யூட்டருக்குள் நுழையும் வைரஸ் முதலில் என்ன செய்யப் பார்க்கும்? காவல்காரனைத்தான் வெளியே தள்ளப் பார்க்கும். அதனால் ஆன்ட்டி வைரஸ் செய்பவர்கள், "யார் தள்ளினாலும் நகராதே" என்று சொல்லியே அதை உள்ளே உட்கார வைக்கிறார்கள். தள்ளுவது திருடனா, வீட்டுக்காரியா என்று அதற்குத் தெரியாது.

திரையில் தெரிவது வெறும் முகம்தான். அதன் உடம்பு பின்னால் இருக்கிறது. கம்ப்யூட்டரைப் போட்ட உடனேயே நமக்கு முன்னால் அது எழுந்துவிடும். பெருக்கல் குறியை அழுத்தினால் ஜன்னல்தான் மூடும், வேலை நிற்காது. டாஸ்க் மேனேஜரில் போய் நிறுத்தப் பார்த்தாலும் "அனுமதி இல்லை" என்று சொல்லிவிடும்.

இந்த வகைக் காவல் எவ்வளவு ஆழத்தில் உட்காருகிறது என்பதை 2024 ஜூலை 19ஆம் தேதி உலகமே பார்த்தது. க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கக் கம்பெனியின் காவல் சாஃப்ட்வேரில் ஒரு சின்ன பைல் தப்பாக வந்தது. சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றுவிட்டன! நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பல இடங்களில் ஆட்கள் ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் அந்த ஒரு பைலை நீக்க வேண்டியிருந்தது. அவ்வளவு ஆழத்தில் இருப்பதைக் கண்டபடி பிடுங்கினால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

இவற்றைச் செய்யாதீர்கள்

* திரையில் இருக்கும் படத்தை மட்டும் அழிக்காதீர்கள். டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டைக் கிழித்தால் உள்ளே இருக்கும் மிளகாய்த்தூள் போய்விடுமா?
* அதன் ஃபோல்டரைத் தேடிப் பிடித்து டெலீட் செய்யாதீர்கள். பாதி போய்ப் பாதி நிற்கும். இன்டர்நெட் வராமல் போகலாம், கம்ப்யூட்டரே எழாமலும் போகலாம்.
* ஒன்று போகவில்லை என்று அதன்மேல் இன்னொரு ஆன்ட்டி வைரஸைப் போடாதீர்கள். ஒன்றை ஒன்று சந்தேகப்பட்டுச் சண்டை போடும். நடுவில் லேப்டாப் திணறும்.

அனுப்பும் முன்...

சிலிண்டர் மாற்றும்போது ரெகுலேட்டரை மூடிவிட்டுத்தானே கழற்றுகிறோம்? அதுபோல இங்கேயும் ஒரு வரிசை உண்டு.

1. பிள்ளைகளின் பாடம், போட்டோ, சர்டிபிகேட் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள்.

2. பணம் கட்டி வாங்கியது என்றால் அதன் சாவி எண்ணை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நாள் மிச்சமிருந்தால் மறுபடி போட உதவும். கடைக்காரர் போட்டுக் கொடுத்ததாக இருந்தால், பாஸ்வேர்டு ஏதாவது வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். நீக்கும்போது அதைக் கேட்டாலும் கேட்கும்.

3. வருஷா வருஷம் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு இருக்கிறதா பாருங்கள். சாஃப்ட்வேரை எடுத்துவிட்டால் பணம் பிடிப்பது நிற்கும் என்று நினைக்காதீர்கள். அது வேறு, இது வேறு! கம்பெனியின் கணக்கில் நுழைந்து தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்த வேண்டும். ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் கொண்டுவந்த விதிப்படி, கார்டிலிருந்து இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அந்த மெசேஜைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

வாசல் வழியே அனுப்புங்கள்

விண்டோஸ் 11 என்றால் 'செட்டிங்ஸ்', அதில் 'ஆப்ஸ்', அதில் 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்'. விண்டோஸ் 10 என்றால் கடைசிப் பெயர் 'ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்'. பட்டியலில் அந்த ஆன்ட்டி வைரஸின் பெயரைக் கண்டுபிடித்து 'அன்இன்ஸ்டால்' கொடுங்கள். "போக வேண்டுமா? தள்ளுபடி தருகிறோமே!" என்று கெஞ்சும், பயமுறுத்தும். ஒவ்வொன்றையும் நிதானமாகப் படித்து, நீக்குவதற்கான பட்டனை மட்டும் அழுத்துங்கள். அவசரத்தில் 'புதுப்பி' என்பதை அழுத்திவிடப் போகிறீர்கள்!

முடிந்ததும் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'ஷட் டவுன்' வேண்டாம். இப்போதைய விண்டோஸ், ஷட் டவுன் செய்தாலும் சீக்கிரம் எழுவதற்காகப் பழைய நினைவில் கொஞ்சத்தை எடுத்து வைத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் செய்தால்தான் சுத்தமாகத் தொடங்கும்.

அப்படியும் அசையாவிட்டால்?

இதற்கென்றே அந்தந்தக் கம்பெனிகள் தனிக் கருவியை இலவசமாகத் தருகின்றன. மெக்காஃபிக்கு 'எம்.சி.பி.ஆர்.', அவாஸ்டுக்கு 'அவாஸ்ட் க்ளியர்', காஸ்பர்ஸ்கிக்கு 'கேவ்ரிமூவர்'. நம் சென்னையில் 1991இல் தொடங்கிய கே7 கம்பெனிக்கும் இப்படி ஒரு கருவி உண்டு. எதுவானாலும் அந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். "எந்த ஆன்ட்டி வைரஸையும் ஒரே நொடியில் நீக்குவோம்" என்று யாரோ தருவதை நம்பி இறக்கினால், பூனையை விரட்டப் புலியைக் கூப்பிட்ட கதைதான்.

சில கருவிகள் 'சேஃப் மோடு' கேட்கும். கம்ப்யூட்டர் அத்தியாவசியமானதை மட்டும் எழுப்பும் நிலை அது. ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் அதற்கு வழி வரும். ஆனால் பல புது லேப்டாப்களில் உள்ளே இருப்பது பூட்டி வைக்கப்பட்டிருக்கும். அங்கே 48 இலக்கம் கொண்ட ஒரு மீட்புச் சாவியைக் கேட்கலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். பயமாக இருந்தால், இந்தக் கட்டத்துக்கு மட்டும் விவரம் தெரிந்தவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

வீடு காலியாக இல்லையே?

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் சொந்தமாகவே ஒரு காவல் உண்டு, பணம் கட்டத் தேவையில்லை. வெளி ஆள் வந்தால் அது ஒதுங்கும், அவர் போனதும் தானே திரும்பும். ஆனாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்' என்ற இடத்தில் பச்சை நிறத்தில் சரிபார்ப்புக் குறி தெரிய வேண்டும்.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். 2020 ஜனவரி 14-ஓடு மைக்ரோசாஃப்ட் அதைக் கைகழுவிவிட்டது. பரணில் இருக்கும் அந்தப் பழைய லேப்டாப்பில் கணக்குப் பாடம் போடலாம், பேங்க் வேலை வேண்டாம். விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்தது. 11க்கு மாற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

போன பிறகும் மிரட்டினால்...

இதுதான் முக்கியம், இதைக் கட்டாயம் படியுங்கள். எல்லாம் நீக்கிய பிறகும் சிலருக்கு "உங்கள் பாதுகாப்பு முடிந்தது, ஐந்து வைரஸ் இருக்கிறது, இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள்" என்று வரும். போகவில்லையே என்று பதறாதீர்கள். பெரும்பாலும் அது ஆன்ட்டி வைரஸே இல்லை! என்றோ ஏதோ ஒரு தளத்தில் 'அலவ்' என்று அழுத்தியிருப்போம், அந்தத் தளம் அனுப்பும் பொய் மிரட்டல் அது. பெட்டியை உற்றுப் பாருங்கள். குரோம் என்றோ எட்ஜ் என்றோ பிரவுசரின் பெயரும், தெரியாத ஒரு தளத்தின் பெயரும் இருக்கும். பிரவுசரின் செட்டிங்ஸில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்குங்கள், நின்றுவிடும்.

அந்த நம்பருக்கு மட்டும் போன் செய்யவே கூடாது. "நான் சரி செய்கிறேன் அம்மா, இந்த ஆப்பைப் போடுங்கள்" என்று தேனாகப் பேசுவான். போட்டால் நம் திரையை அவன் பார்ப்பான். சிறுகச் சிறுகச் சேர்த்த சீட்டுப் பணமோ, பிள்ளையின் காலேஜ் ஃபீஸோ கண்ணெதிரே போய்விடும். ஒருவேளை யாருக்காவது அப்படிப் பணம் போனால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

கடைசியாக ஒன்று. மகனோ மருமகளோ வேலைக்காகக் கம்பெனி கொடுத்த லேப்டாப்பை வீட்டில் வைத்திருந்தால், அதில் இருக்கும் காவலைத் தொடாதீர்கள். அது அவர்கள் கம்பெனி வைத்த ஆள். அனுப்புவதும் வைத்துக்கொள்வதும் அவர்கள் பாடு. நம் வீட்டு லேப்டாப்புக்கு மட்டும் நாம்தான் எஜமானி. ஒரு ஓய்வான மத்தியானம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், முறையாக வாசல் வழியே அனுப்பி வையுங்கள். லேப்டாப்பின் மூச்சு வாங்கலும் குறையும், நம் தலைவலியும் குறையும்!